சேமலாப நிதி இருக்கத்தான் வேண்டும்

மட்டக்களப்புக் கடைகளிலும் அம்பாறை அரிசி ஆலைகளிலும் வேலை செய்பவர்களுக்கு அரச ஓய்வூதியம் கிடையாது. அவர்களுக்குள்ள பிடிமானம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தந்த ஊழியர் சேமலாப நிதிதான். அதை வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மாதச் சம்பளம் 40,000 ரூபாய் என்றால் ஊழியர் பங்கு 8 வீதம், 3,200. முதலாளி பங்கு 12 வீதம், 4,800. இதற்கு மேலாக ஊழியர் நம்பிக்கை நிதி என்ற வேறொரு நிதிக்கும் முதலாளி 3 வீதமாக 1,200 கட்ட வேண்டும். அதைச் சம்பளத்தில் கழிக்கவே கூடாது. மேலதிக நேரப் பணம் கணக்கில் வராது. வாழ்க்கைச் செலவுப் படி வரும். பல இடங்களில் அந்தப் படியை விட்டுவிட்டுத்தான் கணக்குப் பார்க்கிறார்கள், பாவம் தொழிலாளிகள். நாட்கூலிக்காரருக்கும் முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

காசு எடுக்க முடியாமல் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான். நிதியில் உறுப்பினராகப் பதியும் ஏ.பி.எச் படிவத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. சேரும்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை மாறினால் பழைய உறுப்பினர் இலக்கத்தையும் சம்பளச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். முதலாளி கட்டாவிட்டால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். பிந்திய பணத்துக்கு மேலதிகக் கட்டணமும் அறவிடுவார்கள். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம்.