நடையும் சாப்பாடும்: குழுவாகக் கிளம்புபவர்களுக்கு
வார இறுதியில் ஏழெட்டுப் பேராக ஊர் சுற்றக் கிளம்பினால், முதலில் சாப்பிடும் இடத்தை முடிவு செய்யுங்கள். நடை அங்கே போய் முடியட்டும். சாப்பிட்டுவிட்டு நடக்கலாம் என்றால் பாதிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள்!

தனியாக மணிக்கு 5 கி.மீ. நடப்பவர்கூட குழந்தைகள், பெரியவர்களோடு போனால் ஒரு மணி நேரத்தில் 2 கி.மீ. தாண்டுவது கஷ்டம். படம் எடுக்க, தண்ணீர் குடிக்க, கழிப்பறை தேட என்று நேரம் கரையும். ஆகவே மொத்தம் 3 கி.மீ. போதும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம், கொப்புளம் நிச்சயம்.

மேசையை முன்பதிவு செய்யும்போது குழந்தைகளையும் எண்ணிச் சொல்லுங்கள். பில்லை எப்படிப் பங்கு போடுவது என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.