அடுத்த இந்தியானா ஜோன்ஸ்: எதை எதிர்பார்க்கலாம், எதை நம்பக் கூடாது

தொல்பொருள் ஆய்வாளர் இந்தியானா ஜோன்ஸின் ('இண்டி') சாகசங்களைச் சொல்லும் தொடரின் ஐந்தாம் படமான 'டயல் ஆஃப் டெஸ்டினி' 2023 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் வெளியானபோது, இண்டியாக நடித்த ஹாரிசன் ஃபோர்டுக்கு 80 வயது. இனி அந்தத் தொப்பியைப் போடப் போவதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ரசிகர்கள் அதோடு விட்டார்களா என்ன? அடுத்தவர் யார் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். பெயர் வரும்போது வரட்டும். முதலில் கேட்க வேண்டியது, கதை எந்த வருஷத்தில் நடக்கப் போகிறது என்பதைத்தான். இந்தத் தொடரில் பாதி விஷயத்தை வருஷமே முடிவு செய்துவிடும்.

கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸும் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கும் 1930, 40களில் வாராவாரம் ஓடிய சாகசத் தொடர்படங்களை மனதில் வைத்துத்தான் இதைத் தொடங்கினார்கள். அதனால் முதல் மூன்று படங்களின் கதை 1936, 1935, 1938 என்று அந்தக் காலத்துக்குள்ளேயே நிற்கிறது. நாஜிகள், கப்பல், பழைய விமானம், வரைபடத்தில் ஊர்ந்து போகும் சிவப்புக் கோடு எல்லாம் அங்கிருந்து வந்தவை. மூன்றாம் படத்துக்கு 19 வருஷம் கழித்து 2008இல் நான்காம் படமாக 'கிரிஸ்டல் ஸ்கல்' வந்தபோது ஃபோர்டின் வயதுக்கேற்பக் கதை 1957க்குத் தாவியது. வருஷம் மாறியதும் படத்தின் ஜாதியே மாறிவிட்டது. நாஜிகளின் இடத்தில் சோவியத்துகள், தொல்பொருளின் இடத்தில் 50களின் பறக்கும் தட்டுப் படங்கள். அந்தப் படத்தில் வேற்றுக்கிரகவாசிகள் எதற்கு என்று கோபப்படுகிறவர்கள், 1957 என்ற முடிவைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

ஐந்தாம் படம் 1969இல் நடந்தாலும் அதன் தொடக்கம் 1944. ஃபோர்டின் முகத்தைக் கணினியில் இளமையாக்கி எடுத்த அந்த ரயில் பகுதியில்தான் படம் பழைய வேகத்தோடு ஓடுகிறது. ஆக, இன்னும் படமாகாத காலம் எது? 1939 முதல் 1943 வரை அப்படியே கிடக்கிறது. நான்காம் படத்தில் இண்டி, பிரிட்டிஷ் உளவாளி மேக்கோடு சேர்ந்து ஐரோப்பாவிலும் பசிபிக்கிலும் 20, 30 உளவு வேலைகள் செய்ததாக ஒரு வசனம் வரும். அந்த ஒரு வரிக்குள் ஒன்றிரண்டு படத்துக்கான கதை இருக்கிறது. அடுத்த படம் அங்கே போனால் எனக்கு நம்பிக்கை உண்டு. 1970களுக்குப் போனால் இல்லை.

வேறு நடிகரா என்று பதறவும் தேவையில்லை. 1989இல் மூன்றாம் படமான 'லாஸ்ட் க்ரூசேட்' தொடக்கத்தில் 1912ஆம் வருஷத்துச் சிறுவன் இண்டியாக வந்தவர் ரிவர் ஃபீனிக்ஸ். 1992இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் ஷான் பேட்ரிக் ஃப்ளானரி நடித்தார். 2024 டிசம்பரில் வந்த 'கிரேட் சர்க்கிள்' வீடியோ கேமில் டிராய் பேக்கர் குரல் கொடுத்தார். அதன் கதை 1937இல் நடக்கிறது, வருஷத் தேர்வு எவ்வளவு சரி பாருங்கள்.

அடுத்து, தேடப்படும் பொருள். அது என்ன பொருள் என்பதைவிட, அதற்கு என்ன விதி என்று பார்க்க வேண்டும். முதல் படத்தில் பைபிளில் வரும் உடன்படிக்கைப் பேழை புதைந்திருக்கும் இடத்தைக் காட்ட ஒரு கோலும் அதன் உச்சியில் வைக்கும் பதக்கமும் வேண்டும். பதக்கத்தின் ஒரு பக்கத்தில் கோலின் உயரம் இருக்கிறது. அதிலிருந்து ஒரு அளவைக் குறைக்கச் சொல்லும் குறிப்பு மறுபக்கத்தில். சூடேறிய பதக்கத்தைப் பிடித்த நாஜி ஆளின் உள்ளங்கையில் ஒரு பக்கம் மட்டும்தான் பதிந்தது. அதனால் அவர்களின் கோல் நீளமாகிவிட்டது, தோண்டுகிற இடமும் தப்பாகிவிட்டது. பார்வையாளருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும், அதனால்தான் அந்தக் காட்சியில் அவ்வளவு விறுவிறுப்பு. மூன்றாம் படத்தில் தேடும் இயேசுவின் கிண்ணத்துக்கும் விதி உண்டு: தரையில் பதித்த முத்திரையைத் தாண்டி அதைக் கொண்டு போகக் கூடாது. நான்காம் படத்து மண்டையோட்டைக் கோயிலில் திருப்பி வைப்பவருக்கு அதன் சக்தி வசமாகும் என்கிறார்கள், ஆனால் இப்படிக் கண்டிப்பான தடை எதுவும் அதற்குக் கிடையாது. கதை தளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். புதிய படத்தின் கதைச்சுருக்கம் வெளியானால் இந்த ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள்.

சண்டைக் காட்சிகளுக்கு அளவுகோல் முதல் படத்து லாரித் துரத்தல். அதில் பெரும்பகுதியை எடுத்தது மைக்கேல் மூர் தலைமையிலான இரண்டாம் யூனிட், அதாவது முதன்மை இயக்குநர் இல்லாமல் தனியாகப் படமெடுக்கும் குழு. லாரிக்கு அடியில் இழுபட்டுப் போகிறவர் சண்டைக் கலைஞர் டெர்ரி லெனார்ட். ஆள் நசுங்காமல் இருக்கச் சாலையின் நடுவில் பள்ளம் வெட்டி, சக்கரங்கள் அதன் இருபுறமும் ஓடும்படி செய்தார்கள். யார் ஓட்டுநர் இருக்கையில், யார் பின்னால் தொங்குகிறார், எந்தப் பக்கம் பள்ளத்தாக்கு என்பதில் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. இண்டிக்குக் கையில் குண்டு பாய்ந்த பிறகு அந்தக் கை வலிக்கவும் செய்கிறது.

இரண்டாம் படமான 'டெம்பிள் ஆஃப் டூம்' தொங்குபாலமும் அப்படித்தான். கதையில் மாற்றம் வேண்டும் என்று இந்திய அரசு கேட்டதால் படப்பிடிப்பு இலங்கையின் கண்டிப் பக்கம் போனது. அருகில் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள்தான் பாலத்தை அமைக்க உதவினார்கள். பாலத்தை ஒரே ஒரு முறைதான் அறுக்க முடியும். அதனால் கைகால் உதறும் இயந்திரப் பொம்மைகளை அதன்மேல் நிறுத்தி, பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். நான்காம் படத்துக் காட்டுத் துரத்தலை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எடை இல்லாதது கண்ணுக்குத் தெரியும். புதிய படத்தின் டிரெய்லர் வந்தால் வண்ணத்தையும் வெளிச்சத்தையும் வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், கணினி வேலை அப்போது முடிந்திருக்காது. ஆளின் முழு உடம்பும் அவர் மோதுகிற பொருளும் ஒரே ஷாட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெளியீட்டுத் தேதியை நம்ப வேண்டாம். ஐந்தாம் படத்தை 2016இல் அறிவித்தபோது சொன்ன தேதி 2019 ஜூலை. அது 2020, 2021, 2022 என்று நகர்ந்து 2023இல் வந்து நின்றது. நடுவே 2020இல் ஸ்பீல்பெர்க் இயக்கத்திலிருந்து விலக, ஜேம்ஸ் மேன்கோல்ட் வந்தார். கேமரா ஓடத் தொடங்கிய நாளே நம்பத்தக்க நாள். முதல் படமும் நான்காம் படமும் படப்பிடிப்பு தொடங்கி ஒரு வருஷத்துக்குள் வந்தன. ஐந்தாம் படம் 2021 ஜூனில் தொடங்கி வெளியாக இரண்டு வருஷம் ஆனது. இனி இரண்டு வருஷம் என்றே கணக்கு வையுங்கள்.

அதுவரை பழைய படங்களைத் திரும்பப் பார்க்க நினைப்பவர்கள் வெளியான வரிசையிலேயே பாருங்கள். 'டெம்பிள்' கதை முதல் படத்துக்கு ஒரு வருஷம் முந்தையது என்பது உண்மைதான். ஆனால் அதில் வாள் வீசும் இருவர் எதிரே வர, இண்டி சிரித்துக்கொண்டே துப்பாக்கிக்குக் கை நீட்டி உறை காலி என்று தெரிந்து விழிப்பார். முதல் படத்தில் வாளைச் சுழற்றிக் காட்டும் வீரனை இண்டி சட்டென்று சுட்டு வீழ்த்தும் காட்சியைப் பார்க்காதவருக்கு அது வெறும் காலி உறை. டிவியில் அசைவை வழுவழுப்பாக்கிக் காட்டும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் துரத்தல் காட்சி சீரியல் போலத் தெரியும். மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டையைப் போக்க ஜூம் செய்யாதீர்கள். செய்தால் அகலத் திரையின் இரு ஓரங்களும் வெட்டுப்படும், லாரிக்கும் அதைத் துரத்தும் குதிரைக்கும் உள்ள தூரம் அங்கேதான் தெரிகிறது.

கடைசியாக இசை. ஐந்து படங்களுக்கும் ஜான் வில்லியம்ஸ்தான். அந்தப் புகழ்பெற்ற மார்ச் உண்மையில் இரண்டு மெட்டுகள். இரண்டையும் வாசித்துக் காட்டியபோது ஸ்பீல்பெர்க் இரண்டையும் சேர்த்தே போடச் சொன்னார். அடுத்த படத்துக்கு யார் இசையமைத்தாலும், படம் பார்க்கும் முன் இசைத்தொகுப்பின் தலைப்புகளைப் படிக்க வேண்டாம். யார் சாகிறார், கதை எங்கே முடிகிறது என்பதை அந்தத் தலைப்புகளே போட்டு உடைத்துவிடும்.