கிளட்ச் நழுவினால் முதலில் ஆயிலைப் பாருங்கள்
நல்ல ஆயில்தானே என்று கார் ஆயிலை ஒருமுறை என் பைக்கில் ஊற்றிவிட்டேன். நாலாவது கியரில் முறுக்கினால் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறுகிறது, பைக்கின் வேகம் ஏறவில்லை. கிளட்ச் நழுவுகிறது!

பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். கிளட்ச் தட்டுகள் அதிலேயே ஊறிக் கிடக்கும். மைலேஜுக்காகப் பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்க்கிறார்கள். தட்டுகளுக்கோ பிடித்துக்கொள்ள உராய்வு வேண்டும். அதனால் டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா பாருங்கள். எம்பி வேண்டாம், அது உராய்வு குறைந்த வகை. கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது.

அப்புறம் 10டபிள்யூ-40 போன்ற எண். முதல் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு, அடுத்தது 100 டிகிரி செல்சியஸில் இருக்கும் கெட்டித்தன்மைக்கு. கெட்டியாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று அடுத்த எண் 50 உள்ள ஆயிலுக்குத் தாவ வேண்டாம். கையேட்டில் உள்ளதையே ஊற்றுங்கள்.

கியர் பற்கள் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காக்கும் பாலிமர்களை அரைத்து, ஆயிலை நீர்க்கச் செய்யும். அதிக ஆர்பிஎம்மில் ஓட்டுபவர்கள் நல்ல சிந்தெடிக் ஆயிலாகவே வாங்குங்கள், மாற்றும் நாளையும் தள்ளிப்போடாதீர்கள்.