ஏறி இறங்கும் மேசை: முதலில் எவ்வளவு தாழும் என்று பாருங்கள்

உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்ய, மோட்டாரில் ஏறி இறங்கும் மேசை எவ்வளவு உயரம் ஏறும் என்றுதான் விளம்பரங்கள் பெருமை பேசும். நம்மில் பலருக்குத் தொல்லை தருவது அது போதுமான அளவு இறங்காததுதான். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால், மடக்கிய முழங்கை ஏறக்குறைய 63 செ.மீ.யில் இருக்கும். நின்றால் 100 செ.மீ. பக்கம் வரும். மேசையின் மேற்பரப்பும் அந்தந்த உயரத்துக்கு வர வேண்டும்.

இரண்டு அடுக்காக நீளும் மலிவான கால்கள் பெரும்பாலும் 70 செ.மீ.க்குக் கீழே இறங்காது. சில கடைகள் பலகையைச் சேர்க்காமல் சட்டத்தின் உயரத்தை மட்டும் சொல்லும், 2.5 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு நாற்காலியை உயர்த்த வேண்டும், கால் தொங்கும், பாதத்துக்கு ஒரு பெட்டி தேட வேண்டும். மூன்று அடுக்குக் கால்கள் 60 செ.மீ. வரை இறங்கும். பணத்தை இங்கே போடுங்கள். யூஎஸ்பி துளையும் வண்ண விளக்கும் வீண்.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சின்ன அறைக்கு 120 × 60 செ.மீ. பலகை போதும். அதை வைக்கும் இடத்தில் மேல்நோக்கியும் அளந்து பாருங்கள்: ஜன்னல் விளிம்பு, ஏர்கான் குழாய் மூடி, சுவர் அலமாரி. சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால் நல்லது. முட்டினால் நிற்கும் வசதி இருந்தாலும் அதையே நம்பிவிடாதீர்கள். மோட்டாருக்குத் தடை உறைத்த பிறகுதான் நிற்கும், அதற்குள் நாற்காலியின் கைப்பிடி நசுங்கியிருக்கும்.

பூட்டும்போது எல்லா ஸ்க்ரூவையும் பாதி ஏற்றிவிட்டு, கடைசியில் இறுக்குங்கள். மரத்தூள் பலகையில் டிரில்லை முழு வேகத்தில் ஓட்டினால் துளை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். சட்டத்தோடு பலகை கனமாக இருக்கும், புரட்ட இரண்டு பேர் வேண்டும். பலகையைப் பிடித்துத் தூக்காமல் சட்டத்தைப் பிடியுங்கள். மேசை ஆடினால் முதலில் பாதத்தின் அடியிலுள்ள திருகைச் சரிசெய்யுங்கள். டைல்ஸ் தரை பார்வைக்குத்தான் சமம்.

ஓடும்போது மின்சாரம் போனால் மேசை தன் உயரக் கணக்கை மறந்துவிடலாம். மோட்டார் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் உயரத்தை அது அறிகிறது. பெரும்பாலான மாடல்களில், அடிமட்டத்துக்கு இறக்கி, கீழ்நோக்கும் பட்டனைச் சில விநாடி விடாமல் அழுத்தினால் லேசாக இறங்கி எழும், கணக்கு சரியாகிவிடும். பொதுவாக 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வு என்பது மோட்டாரின் அளவு. பிள்ளைகள் பட்டனை வைத்து விளையாடினால் சூடேறி நின்றுவிடும். குழந்தைப் பூட்டு இருந்தால் போட்டு வையுங்கள்.

வயர்களுக்கு ஒரே வழி: எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பலகையின் அடியில் பொருத்துங்கள், சுவருக்கு ஒரே வயர் போகட்டும். அதன் தொய்வை மேசை முழுக்க ஏறிய நிலையில் அளக்க வேண்டும். சிபியூ தரையில் இருந்தால் மானிட்டர் வயர்தான் முதலில் இழுபட்டுக் கழன்றுவிடும். வெளிநாட்டிலிருந்து தருவித்த மேசையில் பிளக் வேறாக இருந்தால், சேஃப்டி மார்க் (சிங்கப்பூரின் மின்பொருள் பாதுகாப்பு முத்திரை) உள்ள அடாப்டரையே வாங்குங்கள்.

நிற்பதை 20, 30 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டில் நாம் வெறுங்காலோடு இருப்பதால் டைல்ஸில் குதிகால்தான் முதலில் வலிக்கும். 2 செ.மீ. தடிமனுள்ள மெத்தை விரிப்பு உதவும்; விரித்தபின் மேசையையும் அதே 2 செ.மீ. உயர்த்துங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பழைய மேசையை வீட்டு வாசலிலுள்ள பொது நடைபாதையில் வைக்கக்கூடாது, தீயணைப்பு விதி இடம் தராது. நகர மன்றத்திடம் (டவுன் கவுன்சில்) சொன்னால் வந்து எடுத்துக்கொள்வார்கள்.