ரெண்டு நாள் சம்பளம் கூட இல்லையாம்

ஒரு பிளேயர் நன்கொடை குடுத்த நியூஸ் இன்னிக்கு வந்துச்சு, படிச்சு முடிக்கல, பக்கத்துல இருந்த நண்பர் போன்ல கால்குலேட்டரத் திறந்துட்டார்.

வருஷ வருமானத்த 365-ஆல வகுத்து, "ரெண்டு நாள் சம்பளம் கூட இல்லப்பா"ன்னார். அந்த முகத்துல ஒரு திருப்தி பாக்கணுமே, திருடனக் கையும் களவுமா பிடிச்ச மாதிரி!

கம்மியா குடுத்தா கஞ்சன். அள்ளிக் குடுத்தா வரி மிச்சம் பண்றான். (குடுத்ததுல ஒரு பங்குதான் வரியில கழியும், மீதி கைக்காசுதான், அத யார் கேக்கறா.) வெளிய சொன்னா விளம்பரம், சொல்லலன்னா கல்நெஞ்சக்காரன்.

2021 ஏப்ரல்ல ஆஸ்திரேலிய கிரிக்கெட் பிளேயர் பேட் கம்மின்ஸ் இந்தியாவோட கொரோனா நிவாரணத்துக்கு 50,000 டாலர் அறிவிச்சப்போ அவர பாராட்டின கையோட, இந்திய பிளேயர்ஸ் எல்லாம் எங்கன்னு ஒரு கூட்டம் பாய்ஞ்சுது. ஒருத்தர் குடுத்தது இன்னொருத்தர அடிக்கற கம்பாயிடுச்சு.

ஃபுட்பால் பிளேயர் சாடியோ மானே, ஆப்பிரிக்காவுல இருக்கற செனகல்ல தன்னோட பம்பாலி கிராமத்துல ஆஸ்பத்திரி கட்டினார். அவர் சின்னப் பையனா இருக்கறப்பவே அப்பா போயிட்டார், அப்ப ஊர்ல ஆஸ்பத்திரியே கிடையாது. இப்ப அங்க பிரசவத்துக்கு வர்ற பொண்ணுக்கு மானேயோட வார சம்பளத்துல அது எத்தன பர்சன்ட்னு தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?

ஃபவுண்டேஷன்னு பேர் வச்சு ஊர்க்காசு வாங்கினா கணக்கு கேளுங்க, கண்டிப்பா கேக்கணும். சொந்தக் காசக் குடுத்தவன்கிட்ட எதுக்குய்யா ஆடிட்டு?