ஐப்பசி மழையில் முகமூடி காயவைத்த பாடு

எங்கள் தெருப் பிள்ளைகளின் நாடகத்துக்குக் காகித முகமூடிகள் ஒருவழியாகத் தயாராகிவிட்டன. ஆனால் பட்ட எரிச்சல் இன்னும் தீரவில்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் யாராவது இதில் இறங்கினால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும்.

களிமண் கொசப்பேட்டையில் பதமாகவே கிடைத்தது. முகம் பிடித்ததும் சுலபம்தான். அந்த மண்முகத்திலிருந்து அச்சு எடுக்கும்போது வந்தது வினை. ஒரு கடையில் வாங்கிய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மறுநாள் காலையிலும் இறுகாமல், நகத்தால் கீறினால் தயிர் போல வழிந்தது. அதைச் சுரண்டி எடுத்ததில் மண்முகமும் நாசம். நாள்பட்ட சரக்கு, ஈரக்காற்றைக் குடித்திருக்கிறது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போனால், "பிரிச்சதை வாங்க மாட்டோம்மா" என்று ஒரே வார்த்தை. ஆட்டோ காசும் தண்டம். தயவுசெய்து முதலில் ஒரு பிடி மட்டும் கலந்து பாருங்கள். நல்ல மாவு என்றால் அரை மணி நேரத்துக்குள் இறுகும், தொட்டால் சூடாக இருக்கும்.

அடுத்தது பசை. ஆண்டர்சன் தெருவில் காகிதம் வாங்கப் போன இடத்தில், மைதா பசை கெடாமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போடச் சொன்னார்கள். புத்தக பைண்டிங்குக்கு அது சரி, பூச்சி அரிக்காது. ஆனால் பிள்ளைகளின் மூக்கும் வாயும் உரசும் பொருளில் துத்தம் கூடவே கூடாது, அது விஷம். நான் கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டு, பசையை அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சினேன்.

அச்சில் ஒட்டும் காகிதத்தைக் கையால்தான் கிழிக்க வேண்டும். கத்தரித்த ஓரம் வண்ணத்துக்கு மேலும் கோடாகத் தெரியும். தமிழ்ப் பேப்பர் ஓர் அடுக்கு, இங்கிலீஷ் பேப்பர் ஓர் அடுக்கு என்று மாற்றி ஒட்டினால் விட்டுப்போன இடம் உடனே கண்ணில் படும்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வெளிப்பக்கம் காய்ந்த மாதிரி இருக்கும், திருப்பினால் உள்ளே கறுப்புப் பூசணம். இரண்டு முகங்களைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. அவ்வளவு உழைப்பும் போயிற்றே என்று அழுகையே வந்துவிட்டது. நடுவில் ஒருநாள் வெயில் அடித்ததே என்று மொட்டைமாடியில் வைத்தால் ஓரமெல்லாம் சுருண்டு முகம் கோணிவிட்டது. மெல்ல, எல்லாப் பக்கமும் சமமாகக் காய்வதுதான் முக்கியம்.

கடைசியில் கைகொடுத்தவர் தெருமுனை பேக்கரி மாஸ்டர். ராத்திரி வேலை முடிந்த பிறகு, அடுப்புக்கு மேலே இருக்கும் ரொட்டிப் பலகையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "அடுப்புக்குள்ள மட்டும் வெக்காதம்மா, கருகிடும்." அந்தக் கதகதப்பில் அச்சோடு பாதி, அச்சிலிருந்து எடுத்து மீதி என்று கோணாமல் காய்ந்தன. அந்த மனிதருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். காய்ந்ததா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, வண்ணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொன்று, வாய்த் துளையைத் தாராளமாக வெட்டுங்கள். ஒத்திகையில் சிங்க முகம் போட்ட பையனின் வசனம் முகமூடிக்குள்ளேயே அடங்கிவிட்டது. வாயைத் தாடை வரை திறந்துவிட்டேன். நாடகத்தன்று அவன் கர்ஜித்தது தெருக்கோடி வரை கேட்டது.