ராத்திரி ஊறல், காலைப் பாயசம்

ஏப்ரல் 28, திங்கள்

காலை ஏழு மணிக்கு ஏற்காடு பஸ் பிடிக்கிறவளுக்கு இட்லி, சட்னி எல்லாம் ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரம். அவசரமாகச் சாப்பிட்டு ஏறினாலும் இருபது கொண்டை ஊசி வளைவும் சேர்ந்து வயிற்றைப் புரட்டிவிடும். வெறும் வயிற்றில் ஏறி, எஸ்டேட் ஆபீசில் மேசைக்கு வந்து உட்கார்ந்த பிறகு சாப்பிடுகிற மாதிரி ஒன்று வேண்டும். அங்கே அடுப்பு கிடையாது. ராத்திரியே ஓட்ஸ் ஊறப்போட ஆரம்பித்தது இப்படித்தான்.

அளவு இதுதான்: அரை கப் ஓட்ஸ், முக்கால் கப் காய்ச்சி ஆறிய பால், ஒரு டீஸ்பூன் சப்ஜா விதை, ஒரு சிட்டிகை உப்பு. பழம் சேர்க்கிற நாளில் பாலைக் கொஞ்சம் குறைத்துக் கெட்டித் தயிர். மூடி பிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துவிடலாம். சப்ஜா பாலை உறிஞ்சி உப்பிக்கொள்வதால் காலையில் ஸ்பூன் நிற்கிற பதம் வரும்.

ஓட்ஸ் வாங்கும்போது தட்டையாக, முழுசாக இருக்கிற ரோல்டு ஓட்ஸ் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் வேகும் என்கிற பொடி ரகம் விடிவதற்குள் கூழாகிவிடும். வெட்டுக் கட்டையாக வருகிற ஸ்டீல் கட் ரகம் ஊறியும் நறநறக்கும்.

அத்தை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "பச்சையாவா கண்ணு திங்கற?" என்றார். பச்சை இல்லை. ஓட்ஸை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்துத்தான் உருளையில் தட்டுகிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் காறிப்போகும். அவல் மாதிரிதான் அத்தை என்றேன். அவல் என்றதும் அடுத்த கேள்வி வரவில்லை.

ஏப்ரல் 30, புதன்

பால் பாயசம். கண்டென்ஸ்டு மில்க் ஒரு ஸ்பூன், ஏலக்காய்ப் பொடி, சிட்டிகை குங்குமப்பூ. வறுத்த முந்திரியைத் தனியாக மடித்து எடுத்துப்போய் மேலே தூவினேன். சர்க்கரை போடவே இல்லை.

ஊறப்போட்ட ஓட்ஸில் கண்டென்ஸ்டு மில்க் என்பது நம் ஆசைக்குச் செய்கிற சேட்டை என்று நினைத்திருந்தேன். சுவிட்சர்லாந்தில் 1900 வாக்கில் மியூஸ்லியை உருவாக்கிய டாக்டர் பிர்ச்சர் பென்னரே அதைத்தான் சேர்த்திருக்கிறார். ஒரு ஸ்பூன் ஓட்ஸைப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, கண்டென்ஸ்டு மில்க், தோலோடு துருவிய ஆப்பிள், மேலே பொடித்த பாதாம் மாதிரிக் கொட்டைப் பருப்பு. சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு அது பத்திய உணவு. பத்தியத்திலேயே இவ்வளவு ருசி பார்த்த மனிதர்!

மே 3, சனி

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் நாட்டு வெல்லம் வாங்கி வந்தோம். பொன் நிறத்தில் பளபளவென்று இருப்பதை நான் தொடுவதே இல்லை. வெளுப்பதற்கு ரசாயனம், எடைக்கும் நிறத்துக்கும் வெள்ளைச் சர்க்கரை என்று கலப்பட வெல்லம் பிடிபடுகிற செய்தி நம் மாவட்டத்தில் அடிக்கடி வரும். கறுத்த, கொஞ்சம் ஈரப்பதமுள்ள உருண்டைதான் நம் வீட்டுக்கு.

வெல்லத்தை அப்படியே உடைத்துப் போட்டால் அடியில் மண் தங்கும். தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, ஒரு கொதி விட்டுப் பாட்டிலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்துக்கொண்டால் வாரம் முழுக்க ஓடும். சூடான பாலில் வெல்லம் பட்டால் திரிந்துபோகும் என்ற பயமும் இதில் இல்லை, இரண்டுமே சில்லென்று இருப்பதால்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. அடுப்படிக்குள் நிற்காமல் ஆகிற காரியம் எதுவாக இருந்தாலும் இன்றைக்கு அது எனக்குத் தெய்வம்.

வீட்டுக்காரருக்கு கேசரி என்றால் உயிர். "கேசரி மாதிரி ஒன்னு ஊறப்போடேன்" என்றார். முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். கேசரி, அல்வா, மைசூர்பாகு எல்லாம் நெய்யில் நிற்கிற இனிப்பு. பிரிட்ஜுக்குள் நெய் உறைந்துவிடும். வாயில் மெழுகு ஒட்டின மாதிரி இருக்கும், வாசனையும் எழும்பாது. சூடுதான் நெய்யின் உயிர்; அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சமிருப்பது பிசுக்கு.

பாலில் நிற்கிற இனிப்பு அப்படியில்லை. பாயசம், பாசந்தி, ரோஸ்மில்க், ரசமலாய் எல்லாமே சில்லென்று ருசிக்கிற சாதி. ஊறல் ஓட்ஸில் எதைக் கொண்டுவரலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இந்த ஒரே பிரிவினைதான். "ஹல்வா ஓட்ஸ்" என்று வீடியோ போடுகிறவர்கள் அதை ஆறவைத்து ஒரு ராத்திரி கழித்துத் தின்று காட்டட்டும், பார்க்கலாம்.

இளநீர் பாயசம் இதில் ஓரத்தில் நிற்கிறது. தேங்காயின் கொழுப்பும் குளிரில் கட்டிக்கொள்ளும். அதனால் முதல் பாலை விட்டுவிட்டு, இரண்டாம் பாலில் ஓட்ஸை ஊறவைத்து, வழுக்கையைப் பாதி அரைத்தும் பாதி நறுக்கியும் போட வேண்டும். வெல்லப் பாகு இரண்டு ஸ்பூன். இதுவரை செய்ததில் இதற்குத்தான் என் முதல் மதிப்பெண்.

மே 9, வெள்ளி

மாம்பழம் வந்தாயிற்று. சேலத்தில் இருந்துகொண்டு இதை எழுதாவிட்டால் ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். இமாம்பசந்தை வெட்டி ஓட்ஸில் போடுவது பாவம். அதைக் கையில் பிடித்துத் தின்ன வேண்டும். மல்கோவாவுக்கும் அதே மரியாதை. ஊறலுக்குச் செந்தூரா போதும், விலையும் கையைக் கடிக்காது. பாதிப் பழத்தை மசித்துத் தயிரோடு ராத்திரியே கலந்துவிடலாம், மீதியைக் காலையில் நறுக்கித் தூவலாம். சிட்டிகை ஏலக்காய் போட்டால், கெட்டித் தயிரில் மாம்பழம் கலந்து மராட்டியர்கள் செய்கிற ஆம்ரகண்ட் இனிப்பை நெருங்கிவிடும்.

கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தில் மேலே மஞ்சள் சீராக இருக்கும், உள்ளே மணம் இருக்காது. கார்பைடுக்குச் சட்டப்படி தடை. இருந்தும் காம்புப் பக்கம் முகர்ந்து பார்க்காமல் நான் பழம் எடுப்பதில்லை.

மே 14, புதன்

என் டப்பாவைப் பார்த்து ஆபீஸில் ஸ்டோர் பார்க்கும் அக்காவும் ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு அன்னாசி போட்டு வந்தவர் ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். வேம்பாகக் கசந்தது. தயிர் கெட்டுவிட்டது என்று அவர் நினைத்தார், தயிர் பாவம். பச்சை அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது, பாலின் புரதத்தை ராத்திரி முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும். அப்படி உடைந்த புரதத்துண்டுகள்தான் கசக்கின்றன. பப்பாளியிலும் இப்படி ஒரு நொதி உண்டு. அன்னாசியைக் கொஞ்சம் வெல்லத்தோடு நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டால் நொதி செத்துவிடும், பிறகு பயமில்லை. அல்லது சாப்பிடுகிற நேரத்தில் போடலாம்.

மே 19, திங்கள்

மலையில் மழை. காப்பிச் செடிகளில் பூ முடிந்து பச்சை மணிகள் பிடித்திருக்கின்றன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர், இன்றைக்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

அந்த மரியாதைக்காகக் காப்பி ஓட்ஸ். பில்டர் டிகாக்‌ஷன் கால் கப், பால் அரை கப், வெல்லப் பாகு, மேலே ஆடை நீக்காத தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுத்த கெட்டி, அதன்மேல் சலித்த கோகோ பொடி. காப்பியும் கோகோவும் சேர்த்து இத்தாலிக்காரர்கள் செய்கிற திராமிசு இனிப்பை மனதில் வைத்துச் செய்தது. சிக்கரி கலக்காத தூளாக இருக்க வேண்டும். சிக்கரியின் கசப்பு குளிர்ந்தால் தனியாகத் தெரியும்.

மே 25, ஞாயிறு

ஜவ்வரிசி ஊரில் ஜவ்வரிசி போடாமல் இருப்பதா என்று அத்தை கேட்டார். நியாயம்தான், இந்த ஊரில் 1981 முதல் சேகோசர்வ் என்று அதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஆனால் ஜவ்வரிசி ஓட்ஸ் போல ஊறி வேகாது. அது மரவள்ளி மாவு, அடுப்பில் கொதித்தால்தான் கண்ணாடியாகும். வெந்ததை ராத்திரியே கலந்து வைத்தாலும் குளிரில் மாவுச்சத்து இறுகி நடுவில் வெள்ளை விழுந்துவிடுகிறது. காலையில் கொஞ்சம் வேகவைத்துக் கலக்கலாம். அடுப்பைப் பற்றவைப்பதென்றால் எனக்கு இட்லியே போதுமே. அத்தைக்குச் சாயங்காலம் நிஜப் பாயசமே வைத்துக் கொடுத்தேன், நெய்யும் முந்திரியுமாக.

ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பாப்பாவுக்கும் ஒரு டப்பா. அவளுக்கு ரோஸ்மில்க்தான் வேண்டுமாம். ரோஸ் சிரப்பிலேயே சர்க்கரை ஏகத்துக்கும் இருப்பதால் ஒரு டீஸ்பூனுக்கு மேல் ஊற்றுவதில்லை, வெல்லமும் கிடையாது. நிறம் வெளிறியிருக்கிறது என்று புகார். பீட்ரூட் சாறு நாலு சொட்டு விட்டேன். அவளிடம் சொல்லவில்லை.